ஏழாவது வளைவில் ஒரு முகம்

ரப்பர் சுத்தியால் கரடியின் வயிற்றில் மெல்லத் தட்டினேன். 'டொப்' என்றது.

கரடிக்குப் பக்கத்தில், படம் இல்லாத இடத்துச் சுவரில் தட்டினேன். 'டக்' என்றது.

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு இந்த இரண்டு சத்தம் தெரிந்தால் போதும், பாதித் தொழில் தெரிந்த மாதிரி. 'டக்' என்றால் கலவை முழுசாகப் பிடித்திருக்கிறது. 'டொப்' என்றால் உள்ளே காலி. ஒட்டியவன் ஏமாற்றியிருக்கிறான், என்றைக்காவது விழும். நாற்பது வருஷமாக அடுத்தவன் போட்ட தரையைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வீட்டுக்காரர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தவன் நான்.

சேவலைத் தட்டினேன். டொப். பலாப்பழம், டொப். தேன்கூடு, டொப். கடைசியாக ஒரு பெண்ணின் முகம். அதைச் சுத்தியால் தட்ட மனசு வராமல் விரல் முட்டியால் தொட்டேன். அதுவும் டொப்.

"பாய், இந்த ஆளு பொம்மை ஒண்ணுகூட சரியா ஒட்டலை" என்றேன்.

கட்டர் மிஷினுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த பாஷா பாய் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறவர். நான் எதைச் சந்தோஷத்தோடு சொல்கிறேன், எதை வருத்தத்தோடு சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் சந்தோஷத்தோடுதான் சொன்னேன். அந்தச் சந்தோஷம் மறுநாள் மதியம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

ஒட்டத்தான் தெரியும்

போன வாரம் வாணியம்பாடிக் கல்யாண மண்டபத்துத் தரையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் ஒட்டியது எதுவும் பெயர்ந்ததே இல்லையா?" என்று கேட்டிருந்தார். பெயர்ந்திருக்கிறது அம்மா. எங்கெங்கே என்று எழுதினால் ஆலங்காயத்தில் நான் தெருவில் நடமாட முடியாது.

ஆனால் ஒட்டியதை உடையாமல் பேர்த்தெடுக்கச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, இந்த ஒரு முறை தவிர.

மலைச் சாலையை அகலப்படுத்தும் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த என்ஜினீயர் அம்மா ஒரு நாள் போன் செய்தார். சின்ன வயசு. அவர் வீட்டுக் குளியலறை என் கைவேலை.

"மேஸ்திரி, ஒட்டுன டைல்ஸ உடையாம எடுக்க முடியுமா?"

"ஏம்மா, பாத்ரூம்ல ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"பாத்ரூம் நல்லா இருக்கு. மேல ஏழாவது வளைவுல ஒரு சுவர் இருக்கே, அது."

அந்தச் சுவரைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. மேட்டு மண் ரோட்டில் சரியாமல் இருக்கக் கட்டிய கருங்கல் சுவர். ஆள் உயரத்துக்கு மேலே, வளைவு முழுக்க நீளம். அதன் மேல் ஒரு விரற்கடை இடம் விடாமல் உடைந்த பீங்கான், கண்ணாடி, வளையல், டைல்ஸ் துண்டுகள். நடுநடுவே வட்டம் வட்டமாகப் படங்கள்.

ரோடு அகலமாக வேண்டுமென்றால் சுவர் போயாக வேண்டும். பெரிய ஊர்களில் இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்களாம். என்ஜினீயர் அம்மா எழுதிக் கேட்டிருக்கிறார். வந்து பார்க்கவே மாதக் கணக்காகும் என்று பதில். மேலிடத்தில் அவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். அதற்குள் எடுத்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் ஜேசிபி. மேலே ஊர் முகப்பில் புதிதாகக் கட்டும் பஸ் நிழற்குடையில் அந்தப் படங்களுக்காக ஒரு சுவரைக் காலியாக விட்டு வைத்திருந்தார்.

"ஒட்டத்தாம்மா எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஒட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் எடுக்கவும் தெரியும்" என்றார். படித்தவர்கள் இப்படித்தான் நம்மை மாட்டிவிடுவார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்

முதல் நாள் நானும் பாயும் ரசமட்டம், தூக்குக் குண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். நேர்கோடு பார்த்தே பழகிய கண் என்னுடையது. ஸ்பேசர் வைத்து, நூல் பிடித்து, தலைமுடி அளவு விலகினாலும் பிடுங்கிவிட்டுத் திரும்ப ஒட்டுவேன்.

அந்தச் சுவரில் ஒரு கோடுகூட நேராக இல்லை. எல்லா வரிசையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. கிட்டே நின்று பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கரடிக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. "பேஜார் புடிச்ச வேலை மேஸ்திரி" என்றார் பாய்.

மறுநாள் என் பைக் பஞ்சர். பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது வளைவில் பஸ் திணறிக்கொண்டு ஏறித் திரும்பியது.

சுவர் நடந்தது.

அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றத்தில் பஸ் சாய்ந்திருக்கிற அளவுக்கு அந்த வரிசைகளும் சாய்ந்திருந்தன. ஜன்னலிலிருந்து பார்க்கையில் எல்லாம் மட்டமாக இருந்தது. கரடி தலையைத் திருப்பியது. சாமைக் கதிர்கள் அசைந்தன. சேவல் கழுத்தை நீட்டியது. வளைவு முடிகிற இடத்தில், ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற என் கண்ணுக்கு நேராக, தலையில் சுமையோடு ஒரு பெண் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், மரம் வந்து மறைத்துவிட்டது.

வாழ்க்கையில் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். தூங்கிக்கொண்டோ சில்லறை எண்ணிக்கொண்டோ போயிருப்பேன். அன்றைக்கு நிறுத்தத்தில் இறங்கியதும் வளைவுக்கே திரும்பி நடந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து சில நொடிகள் பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு மனுஷன் ஒரு வளைவையே அளந்து வைத்திருக்கிறான். நூலும் பிடிக்கவில்லை, ரசமட்டமும் வைக்கவில்லை.

ரசமட்டத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளையனும் செல்வியும்

அந்த மனுஷன் பெயர் வெள்ளையன். மலைக்காரர். ரோட்டு கேங்கில் கூலியாக இருந்தவர். கேங் என்றால் பள்ளத்துக்கு ஜல்லி போட்டு, தார் ஊற்றி, சரிந்த மண்ணை அள்ளுகிற கூட்டம். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியும் பெரிய லாரி வருகிற சத்தம் கேட்டால் கக்கத்தில் சுருட்டி வைத்திருக்கும் சிவப்புத் துணியை விரித்துக்கொண்டு வளைவில் வந்து நின்றுவிடுவார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

துண்டுகள் எல்லாம் எங்கே கிடைத்தன என்று கேட்டேன்.

"ரோட்டுலதான். வளவுல வந்து முட்டிக்குவானுங்க. லைட்டு ஒடையும், கண்ணாடி ஒடையும். டூரிஸ்ட்டு வர்றவன் பாட்டில வீசிட்டுப் போவான். பெருக்குறது நம்ம வேலை. பெருக்குனத இன்னா பண்றது?"

கரடியின் கண் லாரியின் பின்விளக்கு. மாலை பஸ் விளக்கு பட்டால் அது சிவப்பாகத் திரும்பிப் பார்க்கும். சேவல் கொண்டை யாரோ வீசிய சிவப்புப் பீங்கான் கோப்பை.

அந்தப் பெண்ணின் முகத்தை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னது அவர் மகள் செல்வி.

செல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். நாற்பது வயசிருக்கும். நாங்கள் கட்டர் மிஷினை இறக்கிய அன்றே வந்து, அந்த முகத்துக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"இதுல மட்டும் கைய வெக்காதீங்க. எங்கம்மா இது."

"காப்பாத்தத்தாம்மா வந்திருக்கோம்."

"அவங்களுக்குப் போட்டோ கெடையாதுங்க. நாலு வயசுல எனக்கு இன்னா தெரியும்? மொகமே ஞாபகமில்ல. இதப் பாத்துத்தான் எங்கம்மா இப்பிடி இருப்பாங்கன்னு தெரியும். இது ஒடைஞ்சா எனக்கு அம்மாவே இல்லீங்க."

அவர் அம்மாவும் அதே கேங்கில் ஜல்லிச் சட்டி சுமந்தவர். இரண்டாவது பிரசவத்துக்கு வலி எடுத்து, கீழே ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டு போனார்கள். ஏழாவது வளைவில் எதிரே சிமெண்ட் லாரி. இதுவும் பின்னால் போக முடியவில்லை, அதுவும் போக முடியவில்லை. ஒருவழியாக லாரி ஒதுங்கியபோது ஜீப் இறங்க வேண்டிய அவசியம் முடிந்துவிட்டிருந்தது.

அதன் பிறகுதான் வெள்ளையன் அந்தச் சுவரில் கைவைத்திருக்கிறார்.

இப்போது அப்பனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. காரணம் இதே சுவர்தான். கிராம சபையில் ரோட்டை அகலப்படுத்துவதா என்று பேச்சு வந்தபோது முதல் ஆளாக எழுந்து நின்றவர் வெள்ளையன். "சொவத்த ஒடைங்க, ரோட்ட பெருசாக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஆம்புலன்சு போவணும்ல" என்றார் என்னிடம், சாதாரணமாக.

செல்வியோ, "எங்கம்மாவ ஒடைக்கச் சொன்ன மனுசன், அவரோட எனக்கு இன்னா பேச்சு?" என்றார். அப்பாவும் மகளும் பத்தடி தூரத்தில் இருப்பார்கள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பாய் மூலமாகத்தான் கேட்பார்கள்.

எனக்குச் செல்வியின் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. கிழவருக்கு மனசு கல் என்று நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் செய்த கெட்டிக்காரத்தனம்

சுவரைப் பாளம் பாளமாக அறுத்து எடுப்பது என் திட்டம். அறுக்கும்போது மிஷின் அதிரும். உள்ளே காலியாக இருக்கிற படங்கள் அந்த அதிர்ச்சியில் உதிர்ந்துவிடும். அதற்கு எங்கள் தொழிலில் வைத்தியம் உண்டு. சின்னதாக ஓட்டை போட்டு, தண்ணியாகக் கரைத்த சிமெண்ட் பாலை உள்ளே விட்டால் காலி இடம் நிரம்பிக் கெட்டியாகிவிடும்.

ஒவ்வொரு படத்தையும் சுற்றி விரல் பருமனுக்கு ஒரு கறுப்பு வளையம் இருந்தது. அழகுக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சேவலின் வளையத்தில் ஓட்டை போட்டேன். சிமெண்ட் பால் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. "இன்னா மேஸ்திரி, சேவலுக்கு இவ்ளோ தாகமா?" என்றார் பாய்.

மறுநாள் காலையில் தட்டிப் பார்த்தேன். 'டக்'. கல் மாதிரி பிடித்திருந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா? அடுத்தது உங்கம்மாதான். இனி யாராலும் அசைக்க முடியாது" என்று செல்வியிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முகத்தைச் சுற்றியிருந்த கறுப்பு வளையத்தில் டிரில்லிங் மிஷினை வைத்து அழுத்தினேன். ஊசி முனை உள்ளே போய் வெளியே வந்தபோது அதில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. சேவலிலும் ஒட்டியிருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. மோந்து பார்த்தேன். தார்.

சுவரில் எவனாவது தார் வைப்பானா?

யோசித்துக்கொண்டு நிற்கும்போதே வெள்ளையன் வந்துவிட்டார். நேராகச் சேவலிடம் போனார். முட்டியால் தட்டினார். டக். இன்னொரு தடவை தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"சேவலுக்கு இன்னா பண்ணீங்க?"

"சிமெண்ட் பால் வுட்டுக் கெட்டியாக்கிட்டேன் பெரியவரே" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் அப்படியே மைல்கல் மேல் உட்கார்ந்தார்.

"போச்சி. இனிமே அது சேவல் இல்லீங்க. சொவரு."

அப்புறம்தான் என் கையில் இருந்த டிரில்லிங் மிஷினையும் அது நிற்கிற இடத்தையும் பார்த்தார். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். எழுபது தாண்டிய கை, இரும்பு மாதிரி இருந்தது.

"அவள வுட்ருங்க மேஸ்திரி. அவ வெளிய வருவா."

மூன்று மணி வெயில்

"எப்படி வரும்?" என்றேன்.

"வெயில் ஏறட்டும்."

சித்திரை மாதம். மேற்குப் பார்த்த சுவர். மதியம் வரை அவர் மைல்கல் மேலேயே உட்கார்ந்திருந்தார். நாங்களும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். செல்வி சமையலை முடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். மூன்று மணி சுமாருக்கு வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. கை வைத்தால் சுட்டது.

வெள்ளையன் மடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். கறுப்பு வளையத்தில் சொருகி, மாவில் இழுப்பது போல இழுத்தார். தார் இளகி வழிவிட்டது. ஒரு சுற்று முடிந்ததும் கடப்பாரை முனையை ஓரத்தில் வைத்து லேசாக நெம்பினார். அந்த முகம் சுவரிலிருந்து முன்னால் சாய்ந்தது. நானும் பாயும் ஓடிப்போய்த் தாங்கினோம்.

அது இரும்புச் சட்டி. கேங்கில் ஜல்லி சுமக்கிற வட்டச் சட்டி. அதில் கலவை நிரப்பி, அதன் மேல் துண்டுகளைப் பதித்து, சுவரில் குழி விட்டு, குழிக்குள் மணல் அடைத்த சாக்கை வைத்து, அதன் மேல் சட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தாரால் மூடியிருக்கிறார். மழை உள்ளே போகாது. கோடை வெயிலில் கழன்று வரும். என் காதுக்கு 'டொப்' என்று கேட்டது அந்தச் சாக்கு.

எல்லாப் படமும் வட்டமாக இருந்ததற்கு அதுதான் காரணம். ஒவ்வொன்றும் ஒரு சட்டி.

ஒட்டும்போதே எடுப்பதற்கும் வழி வைத்து ஒட்டிய மனுஷனை நான் கண்டதில்லை. நாற்பது வருஷத்தில் ஒரு டைல்ஸைக்கூட நான் அப்படி ஒட்டியதில்லை. என் தொழிலுக்கு அவர் வேலை புரியவில்லை, சரியாகப் பிடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எப்படி எடுப்பது என்று ஒட்டியவரையே கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"மொதல்லயே தெரியுமா, சுவர் போயிடும்னு?"

"ரோட்டுல எது நிக்குது? எத்தினி சொவரு கட்டினேன், எத்தினி சொவரு இடிச்சேன். என்னிக்கினாலும் ரோடு பெருசாவும்னு தெரியும். ஆவணும்னுதான வேண்டிக்கினு இருந்தேன்."

செல்வி அவரெதிரே வந்து நின்றார்.

"யப்பா, இத எங்கிட்ட சொல்லித் தொலைச்சி இருக்கக் கூடாதா? ஒடைங்கன்னு சபையில நின்னு சொன்னியே?"

"சொவத்தத்தான் ஒடைக்கச் சொன்னேன். ஒங்கம்மாவயா சொன்னேன்?"

"சரி, எடுத்து வெச்சிருக்கலாம்ல?"

"ஜேசிபி வர்ற அன்னிக்கி எடுத்துக்கலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் போறவங்க வர்றவங்க பாக்கட்டும்னு." கம்பியில் ஒட்டிய தாரைத் துடைத்துக்கொண்டே, "நீதான் எங்கூட பேசறதே இல்லியே" என்றார்.

பாஷா பாய் அந்தப் பக்கம் திரும்பி மிஷின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிய ஒயரையே திரும்பவும் சுற்றினார்.

சும்மாடு

மற்ற சட்டிகளை அடுத்தடுத்த நாள் மூன்று மணி வெயிலில் எடுத்தோம். எல்லாம் இப்போது மேலே பஸ் நிழற்குடைச் சுவரில், அதே சாக்கு மேல், அதே தார் வளையத்தோடு இருக்கின்றன. பதித்தவன் நான். எங்கே எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னவர் வெள்ளையன். ரசமட்டத்தை அவர் தொடவிடவில்லை.

சேவல் மட்டும் வரவில்லை. ஜேசிபி அதைச் சுவரோடு சேர்த்து இடித்தது. கொண்டையில் ஒரு துண்டு என் மேஜை மேல் இருக்கிறது. இந்தத் தொடரை எழுத உட்காரும்போதெல்லாம் அது கண்ணில் படட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது முகம் வெளியே வந்த அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை.

முகம் பதித்த சட்டியைச் சாக்கின் மேல் வைத்திருந்தோம். வெள்ளையன் அதை லேசாகத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். உளியால் குத்திய மூன்று புள்ளிகள். சட்டி மாறிப் போகாமல் இருக்கக் கேங்கில் ஆளாளுக்கு ஒரு அடையாளம் போடுவார்களாம்.

"மூணு புள்ளி. அவ சட்டிதான்" என்றார்.

செல்வி அந்தப் புள்ளிகளை விரலால் தடவினார். பிறகு முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தார்.

"தூக்கி வுடுங்க."

"வண்டி வரும்மா, என்ஜினீயர் அம்மா அனுப்பறாங்க" என்றேன்.

"எங்கம்மா இத சொமந்துதான் இந்த ரோட்டப் போட்டாங்க. நான் சொமக்க மாட்டனா? தூக்கி வுடுங்க."

நானும் பாயும் தூக்கி வைத்தோம். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. செல்வி ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தார். வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்றுதான் நினைத்தேன். கொண்டுபோகட்டும், அவர் அம்மா. ஆனால் வீட்டுக்குப் பிரியும் மண்பாதை வந்தபோது செல்வி திரும்பவில்லை. தார் ரோட்டிலேயே, நிழற்குடை இருக்கிற பக்கமாக நடந்தார்.

அப்போது கீழேயிருந்து பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. மேலேயிருந்து ஒரு லாரியும் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளையன் கக்கத்திலிருந்த சிவப்புத் துணியை உதறி விரித்தார். வளைவின் நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார். பஸ் நின்றது. தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டு லாரியும் நின்றது. ரோடு முழுசும் காலியாக இருந்தது. அதில் செல்வி மட்டும் சுமையோடு போய்க்கொண்டிருந்தார்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா பெருசு, எவ்ளோ நேரம் நிக்கிறது? லேட்டாவுதுல்ல?"

வெள்ளையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைப் பிடித்த கை இறங்கவில்லை.

"இருப்பா" என்றார். "அவ போவட்டும்."